அண்ணி மேல வந்த செயின் கேஸ்

எங்க அண்ணி பாவசங்கீர்த்தனம் பண்ணப் போன கதையிலருந்து ஆரம்பிக்கிறேன், அப்பதான் ஆளு யாருன்னு வெளங்கும். திண்டிவனத்துல எங்க பங்குக் கோயில்ல புதுசா ஒரு பாவசங்கீர்த்தனப் பெட்டி செஞ்சு வெச்சிருந்தாங்க. தவக்காலம், கூட்டம். அண்ணிக்குப் பின்னால நாங்க இருவது பேரு வரிசையில நிக்கறோம். அண்ணி உள்ள போயி முட்டி போட்டாங்க. சாமியாரு தட்டிக்கு அந்தப் பக்கம் காதக் குடுத்துக்கினு "சொல்லும்மா"ன்னாரு. அண்ணி கேட்டது வெளிய நின்ன எங்களுக்கே கேட்டுச்சு.

"சாமி, இந்தப் பொட்டி எந்த ஊரு மரம்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நீ பாவத்தச் சொல்லு."

"ஊரு தெரியாத பொட்டிக்குள்ள உக்காந்துக்கினு என் பாவத்த எப்படி சாமி சொல்றது? இது எந்தப் பாவத்துல வந்துதோ!"

சாமியாரு நல்ல மனுஷன். பொட்டி செஞ்ச ஆசாரிக்கு ஆள் அனுப்பி, இன்னாரு கொல்லையில நின்ன பூவரசுன்னு கேட்டுச் சொன்ன அப்பறம்தான் அண்ணி வாயத் தொறந்தாங்க. அதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிப்போச்சு. வரிசையில நின்ன நாங்க மனசுக்குள்ள சாமியாரையும் அண்ணியையும் திட்டித் திட்டி, கொண்டாந்த பாவத்துக்கு மேல புதுசா நாலு சேத்துக்கினோம்.

அண்ணின்னா என் கூடப் பொறந்த அண்ணனோட சம்சாரம். முகையூர்ப் பொண்ணு. தொண்ணூத்தி மூணுல எங்க வூட்டுக்கு வந்தாங்க. எங்களுக்குத் திண்டிவனத்துல மரவாடி, அதுக்குள்ளயே சின்னதா மரம் அறுக்கற ஒரு சா மில்லு. எங்கப்பா ஆரம்பிச்சது. அண்ணனுக்கு மரத்தூளு ஆவாது. ரம்பம் ஓடினா தும்மல், நின்னா தூக்கம். அதனால அண்ணன் மேஜையில தலய வெச்சுத் தூங்குவாரு, அண்ணி வாடிய நடத்துவாங்க, நான் மினி லாரி ஓட்டுவேன். யாரு யாருக்கு முதலாளின்னு கேட்டா அண்ணனே அண்ணியத்தான் கை காட்டுவாரு.

வாடியில எந்தக் கட்டை வந்து எறங்கினாலும் அண்ணிக்குப் பதில் வேணும். எந்த ஊரு? யாரு கொல்லை? கெணத்துக்கு எந்தப் பக்கம் நின்னுது? யாரு வெட்டினாங்க? வெட்டின எடத்துல திரும்ப இன்னா நட்டீங்க? ஒரு கேள்விக்கு மென்னு முழுங்கினாலும் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பதில் சரியா இருந்தா கட்டையோட வெட்டு வாயில மஞ்சள் பெயிண்டால ஒரு நம்பர். என்னை அனுப்பி அந்தக் கொல்லையில நிக்கற அடிக்கட்டைலயும் அதே நம்பரப் போடச் சொல்லுவாங்க. அப்பறம் நோட்டுல எழுதிக்குவாங்க. ஆசாரிங்க அந்த நோட்டுக்கு வெச்ச பேரு ஜாதகக் கட்டு.

"இன்னாத்துக்கு அண்ணி இந்தப் பேஜாரு? பக்கத்து வாடிக்காரன் எவனாச்சும் கேக்கறானா?"ன்னு நான் கத்துவேன்.

"ஒரு நாளு வந்து சாப்பிட்டுட்டுப் போற மாப்ளைக்கு ஊரு, பேரு, குலம், கோத்திரம் எல்லாம் கேக்கறோம் தம்பி. மூணு தலமொறைக்கு வாசல்ல நிக்கப் போற வாசக்காலுக்கு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"ம்பாங்க.

இதனால யாவாரம் கெட்டதும் உண்டு. ஒருத்தரு புது வூட்டுக்கு வாசக்கால் கேட்டு வந்தாரு. அண்ணி அருமையான வேம்பு காட்டி, சும்மா இல்லாம, இது இன்ன ஊருல இன்னாரு வரப்புல நின்னதுன்னு பெருமையா ஜாதகத்தப் படிச்சாங்க. அந்த மனுஷன் மொகம் செத்துப்போச்சு. "அவன் என் பங்காளிம்மா. எட்டு வருஷமா கேஸு நடக்குது. அவன் மரத்துக்குக் கீழ நான் டெய்லி குனிஞ்சு போவணுமா?"ன்னு எழுந்து போயிட்டாரு. நான் தலையில அடிச்சுக்கினேன். அண்ணி மட்டும், "பாத்தியா, தெரியாம வாங்கியிருந்தா அந்தாளு கதி?"ன்னாங்க.

இந்தப் பைத்தியம் எப்பப் புடிச்சுதுன்னு கேட்டீங்கன்னா, கல்யாணம் ஆன மொத வாரமே புடிச்சிச்சு. பொண்ணு வூட்டுல கட்டில் தர்றோம்னு சொன்னதுக்கு எங்கப்பா ஜம்பமா, "மரவாடி வெச்சிருக்கறவன் சம்பந்தி வூட்டுக் கட்டில்லயா என் புள்ளயப் படுக்க வெப்பேன்?"ன்னு தானே நல்ல வேம்புல கட்டில் செஞ்சு போட்டுட்டாரு. நாலாம் நாளு அண்ணி கட்டிலுக்கு அடியில பெருக்கிக்கினு இருந்தவங்க, அங்கயே உக்காந்துட்டாங்க. ஒரு காலுக்குள்ள கன்னுக்குட்டி கட்டற இரும்பு வளையத்தோட பாதி, மரம் முழுங்கினபடி அப்பிடியே இருந்துது.

"மாமா, இந்தக் கட்டில் எந்த ஊரு மரம்?"

"யாருக்கும்மா தெரியும்? லாரில வந்துது, எறக்கினோம்."

"எனக்குத் தெரியும் மாமா. எங்க வூட்டுப் பின்னால நின்னுது, இந்த வளையத்துலதான் கன்னுக்குட்டியக் கட்டுவோம். தேர்த் திருநாளுக்குக் குடும்பத்தோட போய்ட்டு வந்து பாத்தா, மரத்தக் காணோம்."

திருட்டுப் போன மரத்தத் தேடிக்கினு பொண்ணே மருமகளா வந்து நிக்குதே! எங்கப்பா மூணு நாளு சாப்பிடக்கூட மேஜை கிட்ட வரல. நாலாம் நாளு அவரே வாடிச் சாவியக் கொண்டாந்து அண்ணி கையில குடுத்து, "இனிமே நீயே கேளும்மா"ன்னாரு. எங்கப்பா வாழ்க்கையில தப்ப ஒத்துக்கினது அந்த ஒரு தபாதான்.

இப்பிடியே பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஊரே சிரிச்சிக்கினு இருந்தப்பதான் குயிலாப்பாளையத்துலருந்து ஒரு வெள்ளக்காரம்மா வந்தாங்க. அங்க ஒரு பட்டறை வெச்சு நாக்காலி, கொழந்தைங்க பொம்மைன்னு செஞ்சு கப்பல்ல அனுப்பறவங்க. நல்லாத் தமிழ் பேசுவாங்க. வெளிநாட்டுல வாங்கறவங்க இப்பல்லாம் மரத்துக்கு சர்டிபிகேட் கேக்கறாங்களாம். எந்த எடத்துல வளந்துது, சொந்தக்காரன் சம்மதத்தோட வெட்டினதா, வெட்டின எடத்துல திரும்ப நட்டாங்களா, அடிக்கட்டையிலருந்து பலகை ஆவற வரைக்கும் யாரு யாரு கை மாறுச்சு, எல்லாத்துக்கும் பதில் வேணுமாம். அண்ணி கேட்டுக்கினே இருந்தாங்க. மொகம் அப்பிடியே பூத்துப்போச்சு.

"தம்பி! உலகத்துல என்ன மாதிரி இன்னும் நாலு பைத்தியம் இருக்குது தம்பி!"ன்னு என் தோள்ல ஒரு அடி வெச்சாங்க. ரெண்டு நாளு வலிச்சுது.

ஆனா அது வெளயாட்டு இல்ல. அந்தச் சீட்டு வாங்கணும்னா மரம் வெச்சிருக்கற குடியானவங்க ஒண்ணா சேரணும். முகையூரு, அனந்தபுரம் பக்கம் இருவத்திரெண்டு குடும்பத்த அண்ணி சேத்தாங்க. செங்கல் சூளைக்காரங்க வந்து ஒட்டுமொத்தமா மொட்டை அடிச்சு எடுத்துக்கினு போறோம்னு நின்னுக்கினு இருந்த நேரம். அண்ணி வூடு வூடா போயி, "குடுக்காதீங்க. சீட்டு வரட்டும். ஒண்ணு வெட்டினா ரெண்டு நட்டு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வெட்டலாம். பட்டறைக்காரங்க எடுத்துக்குவாங்க. இது என் வார்த்தை"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைய நம்பி ரெண்டு வருஷம் மரத்த நிக்க வெச்சாங்க. மாதிரிக்கு ஆளுக்கு ஒரு மரம் மட்டும் வெட்டி எங்க வாடியில நம்பர் போட்டு அடுக்கியிருந்துது. ஏழுமலைன்னு முகையூர்க்காரரு, மரத்த வித்துப் பொண்ணு கல்யாணம் முடிக்கணும்னு இருந்தவரு, கல்யாணத்தயே தள்ளி வெச்சாரு. சீட்டு வரலன்னா அண்ணி அந்த ஊருப் பக்கம் தல காட்ட முடியாது. அண்ணியோட பொறந்த வூடே அந்தப் பக்கம்தான்.

ஆய்வுக்கு ஆபீசர் வர்ற தேதி வந்துது. மொத நாளு எல்லாருக்கும் சொல்ற வேலை என்னுது. எல்லாருக்கும் போன் போட்டா சரியா இருந்திருக்கும். நான்தான் பெரிய மனுஷனாச்சே! விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தேன். முகையூரு பஸ்ஸுல ஜன்னலோரம் ஏழுமலை. பஸ் கெளம்பிடுச்சு. நான் பின்னாலயே ஓடி, முந்தின நாளுதான் கத்துக்கினு இருந்த இங்கிலீஷ எல்லாம் தெரட்டிக் கத்தினேன்:

"நாளைக்கு ஆபீசர் வர்றாரு! அண்ணிக்கு செயின் ஆஃப் கஸ்டடி! எல்லாரும் ஜல்தியா வந்துடுங்க!"

மரம் கை மாறி வர்ற சங்கிலிக்கு இங்கிலீஷ்ல அதுதான் பேரு. நான் சொன்னதுல ஒரு எழுத்து தப்பு இல்ல. ஆனா ஓடற பஸ்ஸுல உக்காந்திருக்கற மனுஷன் காதுல இன்னா விழும்? செயின். கஸ்டடி. ஆபீசர். அந்த பஸ்ஸு முகையூரு போய்ச் சேர்றதுக்குள்ள, எங்க அண்ணி யாரோ ஒருத்தி கழுத்துலருந்து செயின் அறுத்து, கையும் களவுமா மாட்டி, நாளைக்குப் போலீஸ் கஸ்டடிக்குப் போறாங்கன்னு கதை முடிஞ்சுபோச்சு. இது எனக்கு அப்பத் தெரியாது. நான் ஒரு போண்டா தின்னுட்டு நிம்மதியா வூட்டுக்கு வந்தேன்.

மறுநாளு ஆபீசரு வந்தாரு. சின்ன வயசு, கோயம்புத்தூர்க்காரரு. செருப்பக் கழட்டறதுக்குள்ள அண்ணி, "எந்த ஊரு சார்?"னாங்க. மனுஷன் கையிலருந்த பேனாவக்கூட விடல, அது எந்த ஊருன்னும் கேட்டாங்க. அவரு சிரிச்சுக்கினே ஜாதகக் கட்ட வாங்கி வெச்சுக்கினாரு. அப்பறம் கண்டிப்பா ஒண்ணு சொன்னாரு. "நான் அவங்ககிட்ட ஒவ்வொருத்தரா கேப்பனுங்க. நீங்க நடுவுல பேசக் கூடாது. சொல்லிக் குடுத்தா செல்லாதுங்க."

பத்து மணிக்கு ரெண்டு டெம்போல இருவத்திரெண்டு குடும்பமும் வந்து எறங்குச்சு. ஒருத்தர் மொகத்துலயும் சிரிப்பு இல்ல. அண்ணிய நிமுந்து பாக்கவே இல்ல. நான் பயபக்தின்னு நெனச்சிக்கினேன்.

மொதல்ல ஏழுமலை.

"இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க சார்."

அண்ணிக்குன்னு கொண்டாந்த மல்லாட்டை அவரு தோள்ல ஒரு மூட்டை தொங்குது!

"அப்புறம் அந்தக் கடலை யாருக்குங்க?"

"எனக்குத்தான் சார். பஸ்ஸுல கொறிச்சுக்கினு போவ."

"இவ்வளவுமா?"

"தூரம் ஜாஸ்தி சார்."

ஆபீசரு அடுத்த ஆளக் கூப்புட்டாரு. உங்க கொல்லையில வெட்டின அடிக்கட்டையில மஞ்சள் பெயிண்டு இருக்குதே, அது இன்னான்னு கேட்டாரு. அந்தாளு கண்ணு இமைக்காம, "மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல அடிச்சோம் சார், மிச்சம் இருந்துது"ன்னான். அடுத்தவன் தனக்கு மரமே இல்லன்னான். அதுக்கும் அடுத்தவன் தனக்குக் கொல்லையே இல்லன்னுட்டான். அண்ணிய எப்பிடியாச்சும் காப்பாத்தணும்னு வரிசையா சத்தியம் பண்றாங்க. ஒவ்வொரு சத்தியத்துக்கும் சீட்டு ஒரு அடி தள்ளிப் போவுது. அண்ணி முந்தானைய வாயில வெச்சுக் கடிச்சுக்கினாங்க. வாயத் தொறக்கக் கூடாதே!

அஞ்சாவதா சூசையம்மா வந்துது. முகையூருல அண்ணி வூட்டுக்கு நாலு வூடு தள்ளி, அறுவது வயசுக் கட்டை. ஆபீசரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே அது கழுத்துல இருந்த சங்கிலியக் கழட்டி மேஜை மேல வெச்சிடுச்சு.

"சார், செயின்தானே? இந்தாங்க. எவ கழுத்துல அறுந்துதோ அவளுக்கு இதக் குடுத்துடுங்க. எங்க பொண்ண கஸ்டடிக்குக் கூட்டிக்கினு போவாதீங்க. அது ஒரு கட்டையக்கூடக் கேக்காம எடுக்காது சார், செயினயா எடுக்கும்?"

அண்ணி மெதுவா என் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு அந்த மரத்தூளுக்குள்ளயே பூந்துக்கலாம் போல இருந்துது. ஆனா அண்ணி கண்ணு முழுக்கத் தண்ணி. கோவத்துல இல்ல. அந்தக் கெழவி கழுத்து வெறுமையா நிக்குது பாருங்க, அதப் பாத்துட்டு.

ஆபீசருக்கு ஒண்ணும் புரியல. சங்கிலிய சூசையம்மா கையிலயே திருப்பிக் குடுத்துட்டு பைல மூடினாரு. "மன்னிச்சுக்கோங்கம்மா. மரம் குடுத்ததா ஒருத்தருமே சொல்லலைங்க. நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை"ன்னாரு.

நான் உண்மையச் சொல்ல வாயத் தொறந்தேன். அண்ணி கையக் காட்டி அடக்கினாங்க. சொல்லிக் குடுத்தா செல்லாதே! முந்தானையால கண்ணத் தொடச்சுக்கினு எழுந்தாங்க.

"சார், இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. மரத்தயாச்சும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

எல்லாரும் பின்னாலயே போனோம். அடுக்குல ஏழாம் நம்பர், கொஞ்சம் கோணலான வேம்பு. எனக்கே தெரியும், அது சூசையம்மா மரம். அண்ணி அத ஒரு தட்டு தட்டி, கூசாம சொன்னாங்க: "இது ஏழுமலை கொல்லை மரம் சார்."

பாவசங்கீர்த்தனப் பொட்டியக்கூட ஊரு தெரியாம நம்பாத பொம்பளை, இருவது வருஷத்துல மொத தபாவா ஒரு மரத்துக்கு ஊர மாத்திச் சொல்றாங்க!

ஏழுமலை அந்தக் கட்டைய மேலயும் கீழயும் பாத்தாரு. மூஞ்சி சிவந்துது.

"இன்னாது? இந்தக் கோணக் கட்டை என் கொல்லையில மொளச்சுதா? என் மரம் நூல் புடிச்ச மாதிரி இருக்கும் சார்! அதோ, பன்னெண்டாம் நம்பரு! அதான் என்னுது!"

"யார்ரா கோணக் கட்டைன்னது?" சூசையம்மா பாஞ்சு வந்துது. "எங்கூட்டுக்காரரு வெச்ச மரம்டா அது! புயல்ல சாஞ்சும் உழாம நின்ன மரம்! உன் மரம் நேரா இருந்து இன்னா கிழிச்சுது, உள்ள பூரா பொந்து!"

"பொந்தா? வா, வந்து பாரு!"

அண்ணி ஒண்ணுமே தெரியாத மாதிரி அடுத்த கட்டைக்குப் போயி அதுக்கும் தப்பா ஒரு பேரச் சொன்னாங்க. மூணாவதுக்கும் தப்பு. அவ்ளோதான், வாடி ரெண்டாயிடுச்சு. "அது என்னுது!" "கெணத்துக்கு மேக்கால நின்னுது!" "இந்தக் கணுவுல என் மச்சான் ஆணி அடிச்சான், இதோ பாருங்க!" "நான்தான் சார் வெட்டினேன், கையில தழும்பு பாருங்க!" "அந்த எடத்துல ரெண்டு கன்னு நட்டிருக்கேன், ஒண்ண ஆடு மேஞ்சிடுச்சு, மறுபடியும் நட்டேன் சார், சத்தியமா!" கொல்லையே இல்லன்னவன் சர்வே நம்பரோட சொல்றான். ஆபீசரு கேள்வியே கேக்கல. பைலத் தொறந்து, ஜாதகக் கட்டப் புரட்டிப் புரட்டி, டிக் போட்டுக்கினே ஓடறாரு. சத்தத்துல எங்க அண்ணனே முழிச்சுக்கினு வந்துட்டாருன்னா பாத்துக்கங்க.

இருவத்திரெண்டும் ஒத்துப்போச்சு. அப்பறம்தான் செயின்னா இன்னா, கஸ்டடின்னா இன்னான்னு நான் எல்லாரு கால்லயும் உழுந்து வெளக்கினேன். ஏழுமலை அந்த மல்லாட்டை மூட்டையாலயே என்னை மொத்தினாரு. அத்தனை பேரும் சிரிச்ச சிரிப்பு மேம்பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ரெண்டு மாசம் கழிச்சு சீட்டு வந்துது. மொதப் பக்கத்துல அனுமதி. ரெண்டாம் பக்கத்துல ஒரே ஒரு குறை எழுதியிருந்தாங்க. நான்தான் படிச்சுக் காட்டினேன். நிர்வாகிக்கு மரங்கள் எந்த ஊரைச் சேர்ந்தவை என்று சரியாகத் தெரியவில்லை. மரங்களைக் காட்டும்போது மூன்று மரங்களுக்கு உரிமையாளரைத் தவறாகச் சொன்னார். எனவே சென்னையில் ஒரு நாள் பயிற்சி பெற வேண்டும்.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. "அண்ணி, உங்களப் போயா? வேணும்னுதான் மாத்திச் சொன்னீங்கன்னு ஒரு லெட்டர் போட்டு அனுப்பறேன்"னேன்.

அண்ணி அந்தக் காயிதத்த வாங்கிக்கினாங்க. வலிச்சுது அவங்களுக்கு, அது எனக்குத் தெரியும். அப்பறம் நாலா மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சுக்கினாங்க.

"வேணும்னு பொய் சொன்னேன்னு எழுதினா ஆபீசர ஏமாத்தினதா ஆயிடும் தம்பி. சீட்டு போயிடும். அவங்க மரத்த வெட்டட்டும், ஏழுமலை பொண்ணுக்குக் கல்யாணம் ஆவட்டும். நான் ஒண்ணும் தெரியாதவளாவே இருந்துட்டுப் போறேன்."

போனாங்க. காலையில மொத பஸ்ஸு, ஒரு டிபன் பாக்ஸு, ஒரு நோட்டு. சாயந்திரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எறங்கும்போதே மொகத்த ஒரு மாதிரி இழுத்துப் புடிச்சுக்கினு எறங்கினாங்க.

"இன்னா அண்ணி, பாஸா?"

"பாஸு. நாள் பூரா வாயே தொறக்கல தம்பி. கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். வாத்தியாருக்கு என் மேல ரொம்பப் பரிதாபம். போவும்போது தனியாக் கூப்புட்டு, தைரியம் சொல்லி அனுப்பினாரு."

"இன்னா சொன்னாரு?"

அண்ணியால அதுக்கு மேல தாங்க முடியல. பஸ் ஸ்டாண்டு நடுவுல, கம்பத்தப் புடிச்சுக்கினு, கண்ணுல தண்ணி வழிய வழியச் சிரிச்சுக்கினே சொன்னாங்க:

"'வெக்கப்படாதீங்கம்மா. இது எந்த ஊரு மரம்னு வாயத் தொறந்து கேட்டுப் பழகுங்க, போவப் போவ வந்துடும்'னாரு."